மூன்று சுத்தப் பாறைகளும் ஒரு குப்பைப் பாறையும்

உளியக்காவைக் கோபக்காரி என்று சொல்லாத ஆள் அந்தக் கடற்கரையில் இல்லை. ஐஸ் உடைக்கிறவர் சொல்வார். வலை தைக்கிறவர்கள் சொல்வார்கள். மன்றக் கூட்டம் நடந்த அன்று பின்வரிசையில் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வார்கள். அவள் கோபப்பட்டாள் என்பது ஊருக்கே தெரியும். யார்மேல், எதற்காக என்பது மட்டும் மறந்துவிட்டது. வசதியான மறதி. அதனால்தான் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குள்ளமான உருவம். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். வருஷக்கணக்கில் ஒரே பக்கமாகக் குனிந்து பாறையிலிருந்து சிப்பி பெயர்த்தால் யாருக்கும் அப்படித்தான் இறங்கும். பிறந்தது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டில். கடலைக் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். புருஷன் படகு எஞ்சின் மெக்கானிக். புதுப்பெண்டாட்டி பாறைக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும், பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை வெட்டித் தீட்டி, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றி, ஓர் உளி செய்து கொடுத்தான்.

"நீ நகை கேப்பேன்னு பயந்துட்டே இருந்தேன்," என்றானாம்.

"இதுவும் நகைதான். இடுப்புல செருகிக்கறேன்," என்றாளாம்.

அன்றிலிருந்து அவள் பெயர் உளி. இளையவர்களுக்கு உளியக்கா.

அந்தக் கரையில் நான்கு பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. கடல் இறங்கும் நேரத்தில் வெளியே தெரியும், ஏறும்போது மூழ்கும். மூன்று பாறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவற்றில் நடுவில் இருந்த பெரிய பாறை உளியக்காவின் பங்கு. நான்காவது சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்துக் கோணலாக நின்றது. அதற்குக் கோணப் பாறை என்று பெயர். அது அவளுடைய நாத்தனாரின் பங்கு.

அந்தக் காலத்துப் பாறையைப் பற்றி இன்றைக்கு அதைப் பார்க்கிறவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். உச்சியில் கொட்டலசு, படகின் அடியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் அந்த வெள்ளைச் சொரசொரப்பு. அதற்குக் கீழே திட்டுத் திட்டாகக் கருஞ்சிப்பி. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே பச்சையிலும் சிவப்பிலும் பாசி. பாசியை மேய்ந்துகொண்டு தொப்பி மாதிரி ஓடு கவிழ்த்த நத்தைகள். பள்ளத்தில் தேங்கிய நீரில் கடல் சாமந்தி, அதன் ஓரத்தில் கட்டைவிரல் அளவு நண்டு. ஒவ்வொன்றும் அடுத்ததன் இடத்தைப் பிடிக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தள்ளுமுள்ளு இல்லாத ஒரு சாண் இடம்கூட அந்தப் பாறையில் கிடையாது. ஆனாலும் எதுவும் முழுசாக ஜெயிக்கவில்லை. கொட்டலசை நத்தை இடித்துத் தள்ளும், நத்தையை நண்டு தின்னும், சிப்பியை நட்சத்திர மீன் தின்னும். யாருக்கும் முழுப் பட்டா கிடைக்காத பாறை.

மனிதர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சிப்பிக்குப் பத்துப் பதினோரு பெண்கள். பாசி பறித்துக் காயவைத்து விற்க அக்காள் தங்கை இரண்டு பேர். நத்தையும் தூண்டில் இரைக்கு நண்டும் பொறுக்க ஒருத்தி. சிப்பி மெலியும் மாதங்களில் எல்லாரும் பாசிக்குப் போவார்கள். பாசி அழுகும் மாதங்களில் சிப்பிக்கு வருவார்கள். சண்டை உண்டு. பட்டினி இல்லை.

நட்சத்திர மீனை மட்டும் உளியக்காவுக்குக் கண்டாலே ஆகாது. செருப்புத் தோல் போலத் தடித்த ஐந்து கைகளால் சிப்பியைக் கட்டிப்பிடித்து, விடாமல் இழுத்து, மயிரிழை அளவுக்கு வாய் திறந்ததும் தன் வயிற்றையே வெளியே தள்ளி உள்ளே நுழைத்துவிடும். அவள் உளியால் செய்வதை அது கையால் செய்தது. தொழில் போட்டி.

நாத்தனாரையும் கண்டால் ஆகாது. அது வேறு கதை. மாமியார் வீட்டை நடுவில் பிரித்தபோது இரண்டு பாதிக்கும் பொதுவாக ஒரு சுவரும், சுவரில் ஒரு கதவும் மிஞ்சின. கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள் என்பதில் தகராறு. பேச்சு தடித்து, கடைசியில் நாத்தனார் தன் பக்கத்திலிருந்து ஓர் இரும்பு பீரோவை நகர்த்திக் கதவை அடைத்துவிட்டாள். அவள் வாழ்நாளில் செய்த ஒரே சுறுசுறுப்பான காரியம் அதுதான் என்பான் உளியக்காவின் புருஷன், சொந்தத் தங்கை என்றும் பார்க்காமல். ஊரில் அவளுக்கு மெத்தை என்று பெயர். பாறைக்குக் கடைசியாக வருவாள், முதலில் கிளம்புவாள், நடுவில் துண்டை விரித்துக் கால் நீட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும் அளவுக்கு ஒரே சுவரை ஒட்டி வாழ்ந்துகொண்டு, இருவரும் பல வருஷமாகப் பேசவில்லை.

இந்த நிலையில்தான் கம்பெனி வந்தது.

சிப்பியை வேகவைத்து டப்பாவில் அடைக்கும் கம்பெனி. ஊர் மன்றத்திடம் நான்கு பாறைகளையும் குத்தகைக்கு எடுத்தது. இனி பாறையில் கால் வைக்க அனுமதி அட்டை வேண்டும். பெயர்க்கும் சிப்பியைக் கம்பெனிக்கே போட வேண்டும். மேனேஜர் நல்ல மாதிரிப் பேசுகிற ஆள். பெண்களை எடைக் கொட்டகையில் உட்காரவைத்து, எல்லாருக்கும் குளிர்பானம் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அம்மா, இந்தப் பாறையில நமக்குச் சோறு போடறது எது? சிப்பி. மத்ததெல்லாம் அதோட இடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓசியில உக்காந்திருக்கு. வயல்ல களை எடுக்கறாங்கல்ல? அதே மாதிரி இங்கயும் எடுப்போம். பாசியச் சுரண்டுங்க, கொட்டலசைத் தட்டுங்க, நத்தையைப் பொறுக்குங்க. நட்சத்திர மீன் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. வாளி வாளியா கொண்டு வாங்க, அதுக்கும் கூலி உண்டு."

பாசிக்கார அக்காள் தங்கை எழுந்து, "அப்ப நாங்க?" என்று கேட்டார்கள்.

"நீங்களும் சிப்பி எடுங்க," என்றார் மேனேஜர்.

கையெழுத்துப் போட்டதும், குளிர்பானம் குடித்ததும், நம்பியதும் அந்தப் பெண்கள்தான். ஆனால் நம்பச் சொன்னது யார்? படித்த மனிதர், படம் போட்டு, குச்சி வைத்துக் காட்டியவர். அவருடைய கணக்கில் பாறை ஒரு அலமாரி. ஒரு சாமானை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு சாமானை வைக்கலாம், அவ்வளவுதான்.

உளியக்கா எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். அதுதான் அவளுக்கு வினையானது. கம்பித் தூரிகையால் பெரிய பாறையைத் தன் வீட்டுச் சமையல் மேடையைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். நட்சத்திர மீன்களை வாளி வாளியாக அள்ளி மணலில் கொட்டிக் காயவிட்டாள். பழைய பகை வேறு. கை சும்மா இருக்குமா? ஓரிரு வருஷத்தில் பெரிய பாறையில் சிப்பியைத் தவிர வேறொன்றும் இல்லை. மேலிருந்து பார்த்தால் கறுப்புப் போர்வை ஒன்றைப் பாறைமேல் இழுத்துப் போர்த்தியது போல இருக்கும். 'மிகச் சுத்தமான பாறை' என்று கம்பெனி அவளுக்குப் பரிசு கொடுத்தது. சுவர்க் கடிகாரம். முகத்தில் பன்னிரண்டு எண்களுக்கும் பதில் பன்னிரண்டு சிப்பிப் படம். அதை, நாத்தனாருக்கு டிக் டிக் என்று கேட்கும்படி, அந்தப் பொதுச் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டினாள்.

கோணப் பாறை மட்டும் பழையபடியே கிடந்தது. மெத்தை களை எடுக்கவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை, இடுப்புதான் காரணம்.

"நட்சத்திர மீனைக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கணுமாம்ல? வேற ஆளைப் பாருங்கடி," என்று மற்றப் பெண்களிடம் சொன்னாள். "அது அது பாட்டுக்குத் திங்கட்டும். நான் என் பாட்டுக்குப் பெயர்க்கறேன். அது தின்னு நான் ஒண்ணும் இளைச்சுடல."

"இளைச்சுடல, அது நல்லாவே தெரியுது," என்றாள் ஒருத்தி. பாறையே அதிரச் சிரித்தார்கள். கோணப் பாறைக்குக் குப்பைப் பாறை என்று புதுப்பெயர் வந்தது. கம்பெனிக்காரர்களே அப்படிச் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். தற்காலிக வேலை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இரும்புக் கம்பியால் செய்த ஒரு சதுரத்தைப் பாறைமேல் வைத்து, அதற்குள் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணுவாள். அவளுக்கே சதுரம் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் உளியக்காவின் பாறையில் சதுரத்தை வைத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, எண்ணி முடியலையா?" என்றாள் உளியக்கா.

"எண்ண ஒண்ணுமே இல்லக்கா. போன தடவை இந்தச் சதுரத்துக்குள்ள நெறைய வகை இருந்துச்சு. இப்ப சிப்பி, சிப்பி, சிப்பி."

"அப்ப உனக்கு வேலை சுலபம்தானே. சந்தோஷப்படு."

"அக்கா, உங்க சிப்பி எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு பாத்தீங்களா?"

"பாறையத்தான். வேற என்ன, வானத்தையா?"

"அடியில இருக்கறதுதான் பாறையப் பிடிச்சிருக்கு. அதுக்கு மேல இருக்கறது அந்தச் சிப்பியோட முதுகைப் பிடிச்சிருக்கு. அதுக்கு மேல இருக்கறது இதோட முதுகை."

"குடும்பம்னா அப்படித்தான் இருக்கும். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதான் புதுசா தெரியுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சதுரமும் சிரித்தாள். பிறகு, "மேனேஜர்கிட்டயும் சொன்னேன். 'நீ எண்ணு, யோசிக்கறதை நாங்க பாத்துக்கறோம்'னுட்டார்," என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

கேட்டிருக்கலாம். கண்ணுக்கு எதிரிலேயே அறிகுறிகள் இருந்தன. பாசிக்கார அக்காளும் தங்கையும் சிப்பி பெயர்க்கக் கை வராமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குத் துணி மடிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். நெருக்கியடித்து வளர்ந்த சிப்பி ஓடு மட்டும் நீண்டு, உள்ளே சதை இல்லாமல் வந்தது. எடை குறைகிறது என்று கம்பெனி இன்னும் நெருக்கமாக விடச் சொன்னது. சிப்பி மெலிந்த மாதத்தில் திரும்பிப் போகப் பாசி இல்லை, நத்தை இல்லை. பாறை முழுக்கச் சிப்பி இருந்தும் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் வந்தன.

பிறகு ஒரு புயல் வந்தது. பெரிய புயல் என்றுகூடச் சொல்ல முடியாது. இதைவிடப் பெரியவற்றை அந்த நான்கு பாறைகளும் பார்த்திருக்கின்றன. இரண்டு நாள் அலை அடித்தது. மூன்றாம் நாள் காலையில் கடல் இறங்கியதும் பெண்கள் ஓடினார்கள்.

மூன்று பாறைகளும் மொட்டையாக நின்றன.

கறுப்புப் போர்வை கரையில் கிடந்தது. கிழிந்து, சுருண்டு, பந்தலிலிருந்து அவிழ்த்துப் போட்ட கம்பளச் சுருள்கள் மாதிரி மணல் நெடுகக் கிடந்தது. காக்கைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. வெயில் ஏற ஏற நாற்றம் ஊருக்குள் நுழைந்தது. உளியக்கா ஒரு சுருளின் ஓரத்தைத் தூக்கித் திருப்பினாள். அடியில் கறுத்த சேறு. சேற்றில் புதைந்து மூச்சு முட்டிச் செத்த சிப்பிகளின் வெற்று ஓடுகள். செத்தவற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் உயிருள்ளவை இத்தனை நாளும் நின்றிருக்கின்றன. ஓர் இடத்தில் அலை நகத்தை நுழைத்தது. முழுப் போர்வையும் ஒரே இழுப்பில் உரிந்து வந்துவிட்டது.

ஐஸ் உடைக்கிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர், தலையை ஆட்டி, "ஏதோ பாவம் பண்ணியிருக்கீங்க. கடல் கேட்டுடுச்சு," என்றார்.

"கடலுக்கு என் பேரே தெரியாதுண்ணே," என்றாள் உளியக்கா. "கம்பெனிக்குத்தான் தெரியும். பாவக் கணக்கை அங்க போய்க் கேளு."

சதுரம் கோணப் பாறையில் நின்று கூப்பிட்டாள். உளியக்கா அந்தப் பாறையில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது. போனாள். அங்கேயும் ஒன்றிரண்டு திட்டு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. மற்றபடி எல்லாம் இருந்தது. சிப்பி ஒற்றை அடுக்காய், ஒவ்வொன்றும் தன் நாரால் பாறையையே கவ்விக்கொண்டு. நடுவே பாசி, நத்தை, கடல் சாமந்தி. பள்ளத்தில் ஒரு நட்சத்திர மீன், ஒன்றும் நடக்காதது போல, ஒரு சிப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

"இங்க அலை கம்மியா அடிச்சிருக்கும்," என்றாள் உளியக்கா. அவளுக்கே அந்தக் குரல் பொய்யாகக் கேட்டது.

"நாலுல கடலுக்கு நேரா நிக்கறது இதுதான்க்கா. இங்கதான் அதிகம் அடிச்சிருக்கும்," என்றாள் சதுரம். "இந்த மீன் சிப்பியைத் தின்னுட்டே இருக்கறதால சிப்பியால அடுக்கு மேல அடுக்கா ஏற முடியல. எங்க சிப்பி அதிகமோ அங்க போய்த் திங்கும். அது காலி பண்ண இடத்துலதான் பாசி வருது, கொட்டலசு வருது. சிப்பி வாழறதுக்கே அதைத் திங்கற ஒண்ணு வேணும்போல."

மணலில் கொட்டிக் காயவிட்ட மீன் வாளிகள் உளியக்காவின் கண்முன் வரிசையாக வந்திருக்க வேண்டும். நாத்தனார் பத்தடி தள்ளித் துண்டில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சோம்பேறித்தனம் ஒரு பாறையைக் காப்பாற்றும் என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?

அடுத்த வாரம் மன்றத்தில் கூட்டம். கம்பெனி ஒரு முடிவோடு வந்திருந்தது. பெண்களின் அனுமதி அட்டைகளை ரத்து செய்ய வேண்டும். பாறைகளை எந்திரம் வைத்திருக்கிற ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும். காரணம்? பராமரிப்புக் குறைவு. பதினோரு பெண்களின் பிழைப்பை அந்த இரண்டு வார்த்தைக்குள் மடித்து வைத்திருந்தார் மேனேஜர்.

சதுரம் எழுந்தாள். மன்றத் தலைவர் அவளைக் கையால் அமர்த்தினார். "நிலையத்து சார்புல பேச உனக்கு அதிகாரம் இருக்காம்மா? நீ தற்காலிகம்தானே? உக்காரு." நின்றாள், உட்கார்ந்தாள். எண்ணியது அத்தனையும் அவளோடு உட்கார்ந்தது.

மேனேஜர் முடிவுரை போல ஒன்று சொன்னார். "இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்லீங்க. இது இயற்கையோட விதி. போட்டின்னு வந்தா பலமானது நிக்கும், மத்தது ஒதுங்கும். பாறையிலயும் அப்படித்தான், தொழில்லயும் அப்படித்தான்."

வயிற்றில் அடிக்கிறவர்கள் எப்போதும் இப்படி ஒரு பெரிய சாட்சியைக் கூட்டி வருகிறார்கள். முன்பு தலைவிதி என்றார்கள். அதற்கு மவுசு குறைந்ததும் இயற்கை என்கிறார்கள். இயற்கை யாருக்கும் தீர்ப்பு எழுதிக் கொடுப்பதில்லை. நட்சத்திர மீன் நீதிபதி இல்லை, அதற்குப் பசி, அவ்வளவுதான். அப்படியே இயற்கை மேனேஜர் சொன்னபடி நடந்தாலும்தான் என்ன? அம்மை நோயும் இயற்கைதான். அதற்குத் தடுப்பூசி போடுகிறோம், தலைவணங்குவதில்லை. அதுவும் போகட்டும். சாட்சியைக் கூப்பிட்டவர் அது சொல்வதை முழுசாகவாவது கேட்டாரா?

உளியக்கா எழுந்தாள். உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

"பாறையில பலமானதுன்னு யாரைச் சார் நிக்க வச்சீங்க? சிப்பியை. அது எங்க இப்போ? மணல்ல நாறிக்கிட்டுக் கெடக்கு. ஜன்னலைத் தொறந்தா வாசம் வரும், தொறக்கச் சொல்லவா?"

"அம்மா, கொஞ்சம் மரியாதையா..." என்றார் தலைவர்.

"மரியாதையாத்தான் பேசறேன். சார் போட்டி, போட்டின்னாரு. அங்க போட்டியே நடக்கல. கூட ஓடுற அத்தனை பேர் காலையும் நான்தான் வெட்டினேன், சார் சொல்லி. பாசி, நத்தை, கொட்டலசு, அந்த மீன், ஒண்ணு பாக்கியில்ல. அப்புறம் ஒத்தையா ஓடி ஜெயிச்சதுக்குப் பேரு பலமா? அந்தப் பலம் ஒரு காத்துக்குத் தாங்கல."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். உளியக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்களுக்குப் பராமரிக்கத் தெரியலன்றாரு. என் பாறைதான் இருக்கறதுலயே சுத்தம். கடிகாரம் குடுத்தாரு. அதுதான் சுத்தமா உரிஞ்சுபோச்சு. என் நாத்தனா ஒரு களை எடுக்கல. அவளைப் பாத்து நான்தான் முதல்ல சிரிச்சேன். அவ பாறை நிக்குது. அப்ப பராமரிப்புன்னு நீங்க சொன்னதை ஒழுங்காச் செஞ்சவதான் கெட்டா. சொன்னவருக்கு ஒண்ணும் இல்ல, செஞ்ச கைக்குத் தண்டனையா? அதே வேலையை இப்ப எந்திரத்தை வச்சுச் செய்யப் போறீங்க. நாங்க வருஷக்கணக்கா கெடுத்ததை அது ஒரு மாசத்துல கெடுக்கும்."

கூட்டத்தில் எல்லாருக்கும் புரிந்தது. அதுதான் கொடுமை. புரியாமல் கை தூக்கியிருந்தால் மன்னித்துவிடலாம். கம்பெனியில் மருமகனுக்கு வேலை, மச்சினனுக்கு லாரி ஒப்பந்தம், தெருவிளக்குக்கு நன்கொடை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சட்டைப்பையில் இருந்தது. கைகள் தூக்கப்பட்டன. அட்டைகள் ரத்து.

மேனேஜர் எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்தக் குப்பைப் பாறையை அம்மா இவ்வளவு புகழ்றாங்க. எங்க திட்டத்துக்கு அது தேவையில்லை. அவங்களே வச்சுக்கட்டும்."

"கம்பெனியோட பெருந்தன்மை," என்றார் தலைவர். கைதட்டல்கூடக் கேட்டது.

உளியக்கா வீட்டுக்கு வந்து கடிகாரத்தைக் கழற்றினாள். புருஷன் எஞ்சின் எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று பார்த்தான்.

"மணி என்னன்னு இனி யாரைக் கேக்கறது?" என்றான்.

"உன் தங்கச்சியக் கேட்டுட்டு வரேன்," என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் போகத் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். போகும் வழியில் இரண்டு தடவை நின்றாள். கேட்க வேண்டியது சின்ன விஷயம் இல்லை. பதினோரு பேருக்கு ஒரு பாறை. அது யாரைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்தாளோ அவளுடைய பாறை. அவள் முடியாது என்றால் அடுத்த படி துணி மடிக்கிற ஊர்தான்.

நாத்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க அண்ணி. கதவைத் தட்டியிருக்கலாமே, எதுக்குத் தெருவைச் சுத்தி?"

"நீதானே பீரோவை வச்சு அடைச்சே."

"ஆமா. நகர்த்தலாம்னு நெனச்சேன். கனமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

உளியக்கா நின்றபடியே சொன்னாள். "கூட்டத்துல நடந்தது உனக்குத் தெரியும். நான் கேக்க வந்ததும் தெரியும். எனக்கு இல்லேன்னாலும் மத்தப் பத்துப் பேருக்கு இடம் குடு."

"நீங்க பேசினதைக் கேட்டேன். என்னைச் சோம்பேறின்னு அத்தனை பேர் முன்னாடி மரியாதையாச் சொன்ன மொத ஆள் நீங்கதான்." நாத்தனார் காலை மடக்கிக்கொண்டு இடம் விட்டாள். "உக்காருங்க. இடம் தரேன். ஆனா பதினோரு பேரும் சிப்பியில கை வச்சா ஒரு மாசம் தாங்காது. அப்புறம் அதுவும் மொட்டை. நாலு பேர் சிப்பி. மத்தவங்க பாசி, நத்தை, இரை நண்டு. போன அக்கா தங்கச்சிக்கும் சொல்லி அனுப்புங்க, வந்தா வரட்டும். மீன்ல எவளாவது கை வச்சா, நான் எந்திரிச்சு வருவேன்."

"நீயா? எந்திரிச்சா?"

"கோபம் வந்தா வருவேன்."

"நான் எதுல?"

நாத்தனார் அவள் இடுப்பில் செருகியிருந்ததைப் பார்த்தாள். "பாசியில. உளியை வீட்டுல வச்சுட்டு வாங்க, அண்ணி. பாசிக்குக் கை போதும். உங்க கையில அது இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

லாரிப் பட்டையில் செய்த அந்த உளி இப்போது அவர்கள் வீட்டு ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும் கட்டையாக இருக்கிறது. பீரோவைப் புருஷன்தான் நகர்த்தினான்.

மூன்று பாறைகளையும் சுற்றி இன்று கம்பி வேலி. உள்ளே எந்திரம் இரைகிறது. சுரண்டுகிறார்கள், மருந்து தெளிக்கிறார்கள், வேறு எங்கிருந்தோ சிப்பிக் குஞ்சு கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். மறுபடியும் கறுப்புப் போர்வை படர்கிறது. அடுத்த புயலுக்கு யாரைக் குற்றம் சொல்வதென்று இப்போதே யோசித்து வைத்திருப்பார்கள். சதுரத்துக்கு வேலை நீட்டிக்கப்படவில்லை. கம்பிச் சதுரத்தை மட்டும் கோணப் பாறையில் விட்டுவிட்டுப் போனாள். இரை நண்டு பொறுக்குகிறவள் அதைத் தன் கூடைக்கு வாயாகக் கட்டிக்கொண்டாள்.

கடல் இறங்கும் நேரத்தில் போனால் உளியக்காவைப் பார்க்கலாம். வெறுங்கையோடு, பாசியை வேரோடு பிடுங்காமல் மேலாகக் கிள்ளி எடுப்பாள். கை இன்னும் பழகவில்லை. ஒருநாள் அவள் குனிந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நட்சத்திர மீன் ஒன்று நல்ல கொழுத்த சிப்பியாகப் பார்த்துத் திறந்துகொண்டிருந்தது. வேலையை நிறுத்தி நிமிர்ந்தாள். கை தானாக இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது. முகம் சிவந்திருந்தது.

துண்டில் உட்கார்ந்திருந்த நாத்தனார் கவனித்துவிட்டாள். "என்ன அண்ணி, அந்த மீனை இந்த முறை முறைக்கறீங்க?"

"மீனை இல்ல," என்றாள் உளியக்கா.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேலிக்கு அந்தப் பக்கம்.